இல்லக் கணிப்பொறிக்கு இன்னொரு காவல் வேண்டுமா?

கணிப்பொறி இன்று நம் இல்லங்களில் கணக்கேடாகவும், அஞ்சற்பெட்டியாகவும், பிள்ளைகளின் பாடக்கூடமாகவும் விளங்குகின்றது. நிலப்பத்திரங்களின் படங்களும், மூதாதையரின் நிழற்படங்களும், வங்கிக் கணக்கிற்குச் செல்லும் வழியும் அதனுள்ளேயே இருக்கின்றன. இத்தகைய பொருளுக்கு, அதனுடனேயே வரும் வைரஸ் தடுப்பு போதுமா? ஆண்டுதோறும் பணம் செலுத்தி வேறொரு பாதுகாப்பு மென்பொருளை வாங்க வேண்டுமா? இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம். நம்மிற் பெரும்பாலோர் இல்லங்களில் விண்டோஸ் கணிப்பொறியே இருத்தலின், அதனையே எடுத்துக்கொள்வோம்.

முதற்கண், உள்ளமைந்த காவல் யாது என அறிதல் வேண்டும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட விண்டோஸ் டிஃபெண்டர், தொடக்கத்தில் உளவு பார்க்கும் நிரல்களை மட்டுமே தடுத்தது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதலாகத்தான் அது முழுமையான வைரஸ் தடுப்பாக அமைந்தது. அதே 2012ஆம் ஆண்டில், ஜெர்மனியின் மாக்டபர்க் நகரிலுள்ள ஏவி-டெஸ்ட் என்னும் சோதனை நிறுவனம், மைக்ரோசாஃப்ட் இலவசமாக வழங்கிய தடுப்பு மென்பொருளுக்குச் சான்றிதழ் அளிக்க மறுத்தது. ஆதலின், "வெளியிலிருந்து ஒன்றை வாங்கிப் போடுங்கள்" என்று விவரமறிந்தோர் அந்நாளில் கூறியது பொருத்தமான அறிவுரையே. ஆயின் நிலைமை மாறிவிட்டது. அண்மை ஆண்டுகளில் அதே நிறுவனத்தின் சோதனைகளில் டிஃபெண்டர் உயர்ந்த மதிப்பெண்களைப் பெற்று வருகின்றது.

அது செயற்படும் முறை மூவகைத்து. அறியப்பட்ட தீய நிரல்களின் அடையாளங்களோடு ஒவ்வொரு கோப்பையும் ஒப்பிடும். அடையாளம் இல்லாப் புதிய நிரலாயின் அதன் நடத்தையை நோக்கும். ஐயம் தீராவிடில் இணைய வழியாகத் தன் நிறுவனத்தின் கணிப்பொறிகளைக் கேட்டறியும். விலைக்கு வரும் மென்பொருள்களும் பெரும்பாலும் இம்முறைகளையே கையாள்கின்றன.

"ஒன்றிற்கு இரண்டு காவல் இருப்பின் நன்றன்றோ?" எனச் சிலர் வினவலாம். இரண்டு காவல் அங்கே அமைவதில்லை என்பதே விடை. வேறொரு வைரஸ் தடுப்பை நிறுவியவுடன் டிஃபெண்டர் தன் நேரடிக் காவலை நிறுத்தி ஒதுங்கிக்கொள்ளும். ஆகவே நாம் செய்வது காவலாளை மாற்றுவதேயன்றிக் கூட்டுவதன்று. காவலாளுக்கோ வீட்டின் எல்லா அறைகளிலும் நுழையும் உரிமையுண்டு. 2010 ஏப்ரலில் மெக்காஃபி நிறுவனத்தின் தவறான புதுப்பிப்பொன்று, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பு ஒன்றையே வைரஸ் எனக் கருதி விலக்கியது. பல நாடுகளில் கணிப்பொறிகள் முடங்கின. அவாஸ்ட் நிறுவனம், தன் பயனாளர் இணையத்தில் எங்கெங்கே உலாவினர் என்னும் விவரங்களைத் துணை நிறுவனத்தின் வாயிலாக விற்றது வெளிப்பட்டு, 2020இல் அத்துணை நிறுவனத்தை மூடியது. அமெரிக்க வணிக ஆணையம் 2024இல் அதற்கு 1 கோடியே 65 இலட்சம் டாலர் விதித்தது. விலைக்கு வருவன யாவும் தீயன என்பது நம் கருத்தன்று. கூடுதற் காவல் எனினும் அதற்கும் ஒரு விலையுண்டு, அது பணம் மட்டுமன்று என்பதே கருத்து.

புதிய கணிப்பொறியுடன் சில திங்களுக்கு இலவசமாக வரும் தடுப்பு மென்பொருளைப் பற்றியும் ஒரு சொல். கெடு முடிந்ததும் "பாதுகாப்பு இல்லை" என்று அது அச்சுறுத்திக்கொண்டேயிருக்கும். அதனை முறையாக நீக்கிவிட்டால் டிஃபெண்டர் தானே மீண்டும் பணியேற்கும்.

அங்ஙனமாயின் கூடுதலாக ஒன்றும் வேண்டுவதில்லையோ? வேண்டும். ஆயின் அது கடையில் விற்பதன்று. தீமை எவ்வழி வருகின்றது என்று நோக்கினால் இது விளங்கும்.

2017 மே 12ஆம் நாள் வான்னாக்ரை என்னும் பிணைத்தொகை நிரல் 150 நாடுகளுக்கு மேல் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பது அதன் தொழில். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பலவும் நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. அந்நிரல் எவரும் எதையும் திறவாமலேயே, விண்டோஸில் இருந்த ஓட்டையொன்றின் வழியாகக் கணிப்பொறி விட்டுக் கணிப்பொறி தாவியது. அவ்வோட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் நாளே, ஏறத்தாழ இரண்டு திங்கள் முன்னரே, வெளியிட்டிருந்தது! அதனை ஏற்றுக்கொண்ட கணிப்பொறிகளுக்குள் அவ்வழியே நுழைய அந்நிரலால் இயலவில்லை. "பிறகு பார்ப்போம்" எனப் புதுப்பிப்பைத் தள்ளிப் போடும் வழக்கம் நம் இல்லங்களில் மிகுதி. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. பதிவு செய்துகொள்ளும் இல்லத்தார்க்கு மேலும் ஓராண்டு பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என அப்போது அறிவிக்கப்பட்டது. பழைய கணிப்பொறி வைத்திருப்போர், தம்முடையது விண்டோஸ் 11க்கு மாறத்தக்கதா என்று பார்த்தல் நலம்.

இரண்டாவது வழி, நாமே கதவைத் திறந்துவிடுவது. திரையில் "உங்கள் கணிப்பொறியில் வைரஸ், உடனே இவ்வெண்ணை அழையுங்கள்" என்று அறிவிப்புத் தோன்றும். அழைத்தால் ஒருவர் இனிமையாகப் பேசி, தொலைவிலிருந்து கணிப்பொறியை இயக்கும் மென்பொருளை நிறுவச் செய்வார். அம்மென்பொருள் நேர்மையான பணிகளுக்கும் பயன்படுவது. எனவே வைரஸ் தடுப்பு அதனைத் தடுக்காதிருக்கக்கூடும். உரிமையாளரே அனுமதித்தபின் எந்தக் காவலாள் என் செய்வான்? மெய்யான விண்டோஸ் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இராது என்பதை வீட்டிலுள்ள முதியோர்க்குச் சொல்லி வைத்தல், ஓராண்டுச் சந்தாவினும் பயனுடைத்து. மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் வெவ்வேறு கடவுச்சொற்கள், மின்னஞ்சலுக்கு இரண்டாம் படிச் சரிபார்ப்பு, பிள்ளைகளுக்கு நிர்வாக உரிமையற்ற தனிக் கணக்கு ஆகியனவும் செலவின்றிச் செய்யத்தக்கன.

மூன்றாவது, இழப்பு. வட்டு பழுதானாலும் கோப்புகள் பூட்டப்பட்டாலும் விளைவு ஒன்றே. இதில் நம் முன்னோர் நமக்கு ஆசான்கள். பனையோலை செல்லரிக்கும் என்றறிந்து, ஒரு சுவடியைப் படியெடுத்துப் பல இல்லங்களில் வைத்தனர். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல இடங்களினின்றும் பெற்ற ஏடுகளை ஒப்பு நோக்கியே பாடம் கண்டார். ஒரே இல்லத்தில் ஒரே ஏடாக இருந்திருப்பின் அது இயன்றிராது. அவ்வாறே பத்திரங்களையும் நிழற்படங்களையும் வெளி வட்டு ஒன்றில் திங்கள்தோறும் படியெடுத்து, எடுத்தவுடன் வட்டைக் கழற்றி வைத்தல் வேண்டும். கழற்றாது விட்டால், கணிப்பொறியைப் பூட்டும் நிரல் வட்டையும் சேர்த்தே பூட்டும். மற்றொரு படி வேறூரிலுள்ள உறவினர் இல்லத்தில் இருப்பின் மிக நன்று.

விண்டோஸின் பாதுகாப்புப் பகுதியில் ‘ரேன்சம்வேர் புரொடெக்ஷன்’ என்றொரு அமைப்பும் உண்டு. இயல்பாக அது இயங்காது. நாமே இயக்க வேண்டும். இயக்கியபின், அறியா நிரல் எதுவும் நம் கோப்புறைகளில் கைவைக்க இயலாது. சிற்சில சமயம் நல்ல மென்பொருளையும் அது தடுக்கும். அப்போது அம்மென்பொருளுக்கு மட்டும் அனுமதி அளிக்கலாம்.

இவ்வளவும் செய்தும் ஏமாற்றப்பட்டதாக ஐயம் எழுந்தால், முதலில் கணிப்பொறியின் இணையத் தொடர்பைத் துண்டிக்க வேண்டும். பணம் போயிருந்தால் உடனே 1930 என்னும் தேசிய உதவி எண்ணையும், வங்கியையும் அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றப்படுமுன் தடுத்து நிறுத்தவே அவ்வெண்; ஆதலின் குடும்பத்தாரைக் கலந்து மறுநாள் சொல்லலாம் என்று காத்திருத்தல் கூடாது. கடவுச்சொற்களை அதே கணிப்பொறியில் மாற்றாது, வேறொரு கருவியிலிருந்து மாற்ற வேண்டும்.