கெட்டுப்போன கொழுப்பும் இரத்தக் குழாயும்

நெடுநாள் திறந்து வைத்த கடலெண்ணெயில் சிக்கு வாடை வீசக் காண்கிறோம். பிராணவாயு அதனைக் கெடுத்துவிடுகிறது. இதையொத்த கேடு நம் இரத்தக் குழாயின் சுவரிலும் நிகழ்கிறது.

கொலஸ்டிராலைச் சுமந்து செல்லும் குறைஅடர்த்திக் கொழுப்புப்புரதம் இரத்தத்தில் மிகுந்தால், குழாய்ச் சுவருள் தங்கி உருமாறும். அங்குள்ள துப்புரவு உயிரணுக்கள் இயல்பான துகளைச் சிறிதே ஏற்கும்; உருமாறியதையோ அளவின்றி விழுங்கி, நுரைபோல் உப்பிவிடும். ஆய்வுக்கூடத்தில் மாற்றிய துகளைக் கொண்டு கோல்டுஸ்டீன், பிரவுன் முதலிய அமெரிக்க அறிஞர்கள் 1979-இல் இதனைக் காட்டினர். இவ்வாறு திரளும் படிவு வலியின்றி வளரும். ஒருநாள் அது வெடித்து, இரத்தம் உறைந்து அடைத்தால் மாரடைப்பே.

வைட்டமின் 'ஈ' மாத்திரை இதனைத் தடுக்குமென்ற நம்பிக்கை 2000-இல் வெளியான பெரிய ஆய்வில் பொய்த்தது. ஆகவே, பீடி, சுருட்டை விலக்குவதும், இரத்தக் கொழுப்பைச் சோதித்து மருத்துவர் சொற்படி குறைப்பதுமே தக்க வழி. சங்கக் கணக்கைத் தணிக்கை செய்விக்கும் நாம், உடலின் கணக்கையும் பார்த்தல் வேண்டாமா?