தாய்மார்களே, தண்ணீரைக் குறைக்க வேண்டாம்

களையெடுப்புச் செயல்விளக்கங்களின்போது நான் கவனித்த ஒன்று உண்டு. உச்சி வெயிலிலும் வயதான பெண்கள் சிலர் தண்ணீர்ச் சொம்பை வாங்கி, குடிக்காமலே பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுவார்கள். காரணத்தை ஒரு மூதாட்டி வரப்போரம் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். இருமினாலும், நாற்றுக்கட்டைத் தூக்கினாலும் சிறுநீர் கசிந்து சேலை நனைந்துவிடுகிறதாம். பயிரியல் ஆசிரியைக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பயிருக்கு நீர் அளவு சொல்லும் நாங்கள் வயலில் நிற்பவருக்கும் சொல்ல வேண்டாமா?

தண்ணீரைக் குறைப்பதால் கசிவு நிற்பதில்லை. சிறுநீர் அடர்ந்து சிறுநீர்ப்பையை உறுத்தும்; அவசரம் கூடும். மலச்சிக்கலும் சேர்ந்து, முக்க முக்கத் தசை மேலும் தளரும். நீரைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தால் மட்டும் அதன்படி நடக்கவும்.

சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றை இடுப்பெலும்பின் அடியில் தூளி போல் தாங்கும் தசைகள் உள்ளன. பிரசவங்களாலும், மாதவிலக்கு நின்றபின் வரும் மாற்றத்தாலும், நாட்பட்ட இருமலாலும், பாரம் சுமப்பதாலும் அவை தளர்கின்றன. இவற்றைப் பயிற்சியால் வலுப்படுத்தலாம் என்று அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கீகல் 1948இல் எழுதினார். இன்றும் மருத்துவர்கள் முதலில் சொல்வது இப்பயிற்சியைத்தான்.

படுத்த நிலையில் தொடங்குவது எளிது. வாயுவையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவது போல உள்ளே இழுத்து, மேலே தூக்குங்கள். வயிறு, தொடை, புட்டம் இறுகக் கூடாது. மூச்சையும் அடக்கக் கூடாது. 5 எண்ணும்வரை பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்தவும். முதலில் 3 எண்ணுவதே கடினமாயிருந்தால் பாதகமில்லை. நாளடைவில் 10 வரை உயர்த்தலாம். வேளைக்கு 8 முதல் 10 தடவை, நாளொன்றுக்கு 3 வேளை செய்க. சிறுநீர் கழிக்கும்போதே நிறுத்தி நிறுத்திப் பழகுவது தவறு. சிறுநீர்ப்பை முழுதும் காலியாகாமல் போகலாம்.

தும்மல் வருமுன்னும், குடத்தைத் தூக்குமுன்னும் இத்தசையை இறுக்கிக்கொள்ளப் பழகுங்கள். உடனே பலன் தெரியாது. 3 மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். அடியுரம் இட்ட மறுவாரமே கதிரைத் தேடுகிறோமா என்ன?

எரிச்சல், சிறுநீரில் இரத்தம், அடி இறங்கிய உணர்வு, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்ளுதல் ஆகியவை இருந்தால் பயிற்சியோடு நிற்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுக. நீரிழிவு இருக்கிறதா என்றும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொள்ளவும். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் சிறுநீரைப் பெருக்கும். அவற்றைத் தாமாக நிறுத்தாமல், எந்த நேரத்தில் விழுங்கலாம் என்று மருத்துவரைக் கேளுங்கள்.