மின்கலம் வேண்டா வானொலி

கருவிகளை விலை கொடுத்து வாங்கி மகிழும் நாம், அவை இயங்கும் முறையை அறிய முற்படுவதில்லை. அவ்வறிவைத் தரவல்ல எளிய பொழுதுபோக்கு, படிக வானொலி செய்தலாகும். நீண்ட ஏரியல் கம்பி, செப்புக் கம்பிச்சுருள், ஜெர்மானியம் டையோடு, உணர்திறன் மிக்க ஹெட்போன், நில இணைப்பு ஆகியன போதும். சுருளின் தொடுமுனையை நகர்த்த, வேண்டிய நிலையத்தின் அலை தெரிவாகும். டையோடு அதனின்று ஒலிக்குறிப்பைப் பிரித்தளிக்கும். மின்கலம் வேண்டுவதில்லை, வரும் அலையின் ஆற்றலே ஹெட்போனை ஒலிக்கச் செய்கிறது.

கலீனாப் படிகத்தால் அலையுணரும் கருவிக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் ஜகதீஷ் சந்திர போஸ். 1944இல் இத்தாலியின் ஆன்சியோ போர்முனையில், அமெரிக்க வீரர்கள் சவர அலகையே படிகத்திற்கு மாற்றாகக் கொண்டு, பதுங்குகுழிகளில் வானொலி கேட்டனர்.

இவ்வானொலிக்கு ஏற்ற மத்திய அலை நிலையங்கள் இன்று உலகெங்கும் குறைந்து வருகின்றன. அவை முற்றும் ஓயுமுன் மாணவர் ஒருமுறையேனும் இதனைச் செய்து கேட்டல் வேண்டும் என்பது நம் விழைவு.