தந்தை அறைந்த ஆணிகள்

தவணைப் பரீட்சைப் புள்ளிகளைக் கண்டதும் மனமுடையும் பெற்றோரே, சிமோன் ரெனே பிரெயில் என்பவரைச் சற்று எண்ணிப் பாருங்கள். பாரிசுக்குக் கிழக்கே கூவ்ரே கிராமத்தில் குதிரைச் சேணம் தைத்துப் பிழைத்தவர். 1812இல் அவருடைய மூன்று வயது மகன் லூயி, பட்டறையிலிருந்த கூரிய கருவியொன்றால் கண்ணிற் குத்திக்கொண்டான். புண் மறு கண்ணுக்கும் பரவி, ஐந்து வயதளவில் பார்வை முற்றாகப் போயிற்று.

பார்வையற்றோர் பலர் பிச்சையெடுத்தே வாழ்ந்த காலம் அது. தகப்பனோ பலகையில் ஆணிகளை எழுத்து வடிவில் அறைந்து, மகனின் விரல்களால் தடவச் செய்தார். தடி கொடுத்து நடக்கப் பழக்கினார். தோல் வேலையிலும் சேர்த்துக்கொண்டார். அதே பட்டறையில்தான்! நம்மில் எத்தனைபேர் அந்தக் கதவைப் பூட்டியிருப்போம்? பங்குக் குருவும் சிறுவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். பத்து வயதில், 1819இல், பாரிசிலுள்ள பார்வையற்றோர் பள்ளியிற் சேர்ந்தான்.

அங்கும் எல்லாம் எளிதாக நடந்துவிடவில்லை. பதினைந்து வயதில் அவன் அமைத்த ஆறு புள்ளி எழுத்தைப் பள்ளி நிர்வாகமே ஒருகாலத்தில் தடை செய்தது. மாணவர்கள் மறைவாகப் பழகினர். தகப்பன் 1831இல் இறந்தார். பள்ளி அம்முறையை ஏற்றது 1854இல். லூயி மறைந்து இரண்டாண்டுகளின் பின். இன்று தமிழையும் அந்த ஆறு புள்ளிகளிலேயே விரல்கள் வாசிக்கின்றன.