டெண்டர் கவரைப் பிரிக்கும் முன்பே

அன்புள்ள கயல்விழிக்கு,

பேரூராட்சி அலுவலகத்தில் உனக்குக் கொள்முதல் சீட்டைக் கொடுத்திருக்கிறார்கள் என்று உன் அப்பா போனில் சொன்னான். குரூப் 4 எழுதிப் போன பிள்ளைக்கு எடுத்த எடுப்பிலேயே இந்த சீட்டா என்று அவனுக்கு ஒரே கவலை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளாட்சி நிதித் தணிக்கையில் இருந்த காலம் முழுக்க, ஊரார் பணத்தில் எல்லாம் வாங்கி முடித்து, பில்லும் பாஸாகி, பொருளும் பாதி தேய்ந்த பிறகுதான் கோப்பு என் மேஜைக்கு வரும். தடை எழுதலாம், போன பணம் வராது. நீ வாங்குவதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாய். உருப்படியாக ஏதாவது செய்ய முடிவது அந்த நாற்காலியில்தான்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 1998-இல் வந்த தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், 2000-இல் வந்த அதன் விதிகள்: இரண்டையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் படித்துவிடலாம். 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டர் என்றால், அறிவிப்பு வெளியான நாளிலிருந்து குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்கு மேல் என்றால் 30 நாள். அதைக் குறைப்பதானால் மேலதிகாரி காரணத்தை எழுதி ஒப்புதல் தர வேண்டும். பிரிக்கும்போது பெயரையும் விலையையும் எல்லோர் காதிலும் விழும்படி வாசிக்க வேண்டும். முடிவு தவறு என்று நினைக்கும் ஒப்பந்ததாரர், உத்தரவு கைக்கு வந்த 10 நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். சின்னக் கொள்முதலைக் கொட்டேஷனில் முடிக்கலாம். அதற்கான வரம்பு அவ்வப்போது மாறும். முன்னால் அந்த சீட்டில் இருந்தவர் வாயால் சொன்ன தொகையை நம்பாதே. நடப்பு அரசாணையின் நகலை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்.

ஆனால் ஒன்று. நான் பார்த்ததிலேயே மோசமான கொள்முதல்களின் கோப்புகள் மிகச் சுத்தமாக இருந்தன. அறிவிப்பு உண்டு, அவகாசம் உண்டு, ஒப்புநோக்குப் பட்டியல் உண்டு, மன்றத் தீர்மானம் உண்டு. யாருக்குப் போக வேண்டும் என்பது மட்டும், என்ன பொருள் வேண்டும் என்று எழுதிய பத்தியிலேயே முடிவாகியிருந்தது. அந்தப் பத்தியைப் பெரும்பாலும் எழுதுவது நீதான், அல்லது போன வருஷக் கோப்பிலிருந்து நகலெடுத்து வைப்பது நீதான்.

ப்ளீச்சிங் பவுடரை எடுத்துக்கொள். குடிநீர்த் தொட்டிக்குப் போடுவது. எல்லாப் பேரூராட்சியும் வாங்குவது. ‘ப்ளீச்சிங் பவுடர், கிலோ என்ன விலை’ என்று மட்டும் கேட்டால் என்ன ஆகும்? கிருமியைக் கொல்வது அதிலிருக்கும் குளோரின்; நல்ல பவுடரில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்கும். ஒருவர் 33 சதவீதக் குளோரின் உள்ளதை 36 ரூபாய்க்குத் தருகிறார், இன்னொருவர் 22 சதவீதம் உள்ளதை 30 ரூபாய்க்குத் தருகிறார் என்று வைத்துக்கொள். சட்டப்படி 30 ரூபாய்க்காரர்தான் எல்-1, அதாவது மிகக் குறைந்த விலை கேட்டவர். ஆனால் ஒரு கிலோ குளோரினுக்கு நீ கொடுப்பதைக் கணக்குப் போட்டால், முதலாமவரிடம் 109 ரூபாய், இரண்டாமவரிடம் 136 ரூபாய். காசு போவதோடு நிற்காது. டேங்க் ஆபரேட்டர் வழக்கமான அளவைத்தான் அள்ளிப் போடுவார். தண்ணீரில் குளோரின் குறையும். மழைக்காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டம் சேரும். இத்தனைக்கும் கோப்பில் ஒரு எழுத்துகூடத் தப்பாக இருக்காது.

அதனால் ஐ.எஸ்.ஐ. முத்திரை, குறைந்தபட்சக் குளோரின் சதவீதம், தயாரித்த தேதி, இறக்கும்போது மாதிரி எடுத்துச் சோதிப்போம், குறைந்தால் சொந்தச் செலவில் திரும்ப எடுத்துப்போக வேண்டும் என்பதையெல்லாம் டெண்டரிலேயே எழுது. பிறகு, எழுதியதைச் செய். இன்னொன்று: சூட்டிலும் ஈரத்திலும் இந்தப் பவுடர் வீரியம் இழக்கும். நிதியாண்டு முடிகிறது, பணம் திரும்பிப் போய்விடும் என்று மார்ச்சில் ஒரு வருஷத்து மூட்டையை இறக்கி ஷெட்டில் அடுக்குவார்கள். விலையை வருஷத்துக்குப் பேசு, சரக்கை மாதாமாதம் வாங்கு.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. எல்.இ.டி. தெருவிளக்கு டெண்டர் ஒன்றில் விளக்குக் கூட்டின் நீளத்தை மில்லிமீட்டர் சுத்தமாகக் குறித்திருந்தார்கள். தெருவுக்கு வேண்டியது வெளிச்சம். கூட்டின் நீளம் யாருக்கு வேண்டும்? ஒரு கம்பெனியின் கேட்டலாக்கைப் பார்த்து எழுதியது அது. எத்தனை வாட், எத்தனை லூமன், மழையும் தூசியும் புகாத தரம், மின்னழுத்தம் ஏறி இறங்கினால் தாங்கும் சக்தி, எத்தனை வருஷ வாரண்டி: இவ்வளவு போதும். ‘இதே மாவட்டத்தில் வேலை செய்த அனுபவம்’ மாதிரி நிபந்தனை வந்தால், அது வேலைக்குத் தேவையா, வெளியூர்க்காரரை மறிக்கவா என்று கேட்டுப் பார்.

மூன்று கொட்டேஷன் வந்துவிட்டது என்பதால் போட்டி நடந்துவிட்டதாக ஆகாது. மூன்று லெட்டர்பேடிலும் ‘வாரண்டி’ ஒரே மாதிரி தப்பாக அச்சாகியிருந்தால், தட்டச்சு செய்தது ஒரே கை. முன்வைப்புத் தொகைக்கான டி.டி.க்கள் ஒரே கிளையில், ஒரே நாளில், அடுத்தடுத்த எண்ணில் எடுக்கப்பட்டிருந்தால் பணம் கட்டியது ஒரே ஆள். ஜி.எஸ்.டி. எண்ணையும் கவனி. 15 இடங்கள் கொண்ட அந்த எண்ணில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து இடமும் பான் எண். மூன்று கடைப் பெயர்களுக்குள் ஒரே பான் எண் ஒளிந்திருந்ததை நான் கண்டிருக்கிறேன். ஒரு நிமிஷ வேலைதான், யாரும் செய்வதில்லை. அதேபோல, ஒரே மாதத்தில் ஒரே கடையில் வரம்புக்குச் சற்றுக் கீழே நான்கு பில் வந்தால், டெண்டர் போட வேண்டிய ஒரு கொள்முதலை நறுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சேவைக்கு டெண்டர் போடும்போது கணக்கே வேறு. குப்பை அள்ள ஆள் தரும் ஒப்பந்தத்தில், கவரைப் பிரிப்பதற்கு முன்பே கீழ் எல்லையை நீ போட்டு வைத்திருக்க வேண்டும்: அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி, அதன்மேல் முதலாளி பங்காக பி.எஃப். 12 சதவீதம், இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், கையுறை, சீருடை. அதற்குக் கீழே ஒருவர் விலை கேட்டால் அவர் ஊருக்குத் தள்ளுபடி தரவில்லை. அள்ளுகிறவரின் கூலியில் கை வைக்கப்போகிறார். மாதாமாதம் பில் பாஸ் பண்ணும்போது பி.எஃப். செலுத்திய ரசீதைக் கேள். ஆட்களின் பெயர் அதில் இருக்கிறதா என்றும் பார். எண்ணிக்கை மட்டும் இருந்தால் போதாது.

எல்-1 விலை சந்தை விலையைவிட அதிகம் என்று தெரிந்தால் குறைக்கச் சொல்லிப் பேசலாம், சட்டமே இடம் தருகிறது. ஆனால் எல்-1 ஒருவரிடம் மட்டும். இரண்டாவது, மூன்றாவது ஆளைக் கூப்பிட்டு ‘நீங்க எவ்வளவு குறைப்பீங்க’ என்று கேட்ட நிமிஷமே டெண்டர் ஏலக்கடை ஆகிவிடும்.

ஊர் சின்னது. கவுன்சிலரின் மைத்துனர், செயல் அலுவலருக்குத் தெரிந்தவர், எல்லோரும் டீக்கடையில் பார்க்கிற முகங்கள். மன்ற உறுப்பினரே அந்த மன்றத்தோடு ஒப்பந்தத்தில் பங்கு வைத்தால் பதவி போகும். அதனால்தான் மைத்துனர் வருகிறார். நீ யாரிடமும் சண்டைக்குப் போகாதே, இளநிலை உதவியாளருக்கு அது கட்டுப்படியாகாது. வாய்வழியாகச் சொன்னதை, யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது என்று குறிப்பில் எழுதி, விதியையும் பக்கத்தில் எழுதி, கோப்பை மேலே அனுப்பு. பாதிப் பேச்சு அங்கேயே அடங்கிவிடும். மீதிப் பாதிக்கு உத்தரவிடுகிறவர் தன் கையெழுத்தைப் போட்டாக வேண்டும்.

கடைசியாக, யாரும் நேர்மையோடு சேர்த்துப் பேசாத ஒரு விஷயம்: பில் தாமதம். சரக்கு இறக்கி ஆறு மாதம் ஆகியும் பணம் வராது என்று தெரிந்தால், கடன் வாங்கித் தொழில் செய்கிற சின்னக் கடைக்காரர் அடுத்த டெண்டருக்கு வர மாட்டார். வருகிறவர் காத்திருப்பதற்கான வட்டியையும், நடையாய் நடப்பதற்கான ‘செலவையும்’ விலையில் சேர்த்துத்தான் போடுவார். பிறகு ஊரில் இரண்டே பேர்தான் டெண்டர் போடுகிறார்கள் என்று மன்றத்தில் அங்கலாய்ப்பார்கள். ஆகவே பில் வந்த தேதி, சரக்கு சரிபார்த்து இருப்புப் பதிவேட்டில் ஏற்றிய தேதி, செக் போன தேதி மூன்றையும் ஒரே வரியில் எழுத ஒரு பதிவேடு திற. யாருடைய பில் எந்த மேஜையில் நிற்கிறது என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். பொங்கலுக்கு வரும்போது அதைக் கொண்டு வா, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
பெரியப்பா