வண்ண உணவும் நலமான முதுமையும்

நுழையும்முன்

முதுமை எல்லா உயிர்களுக்கும் பொதுவானது. எனினும், எழுபது வயதைக் கடந்தும் வயலில் இறங்கி வேலை செய்வோர் உள்ளனர். ஐம்பது வயதிலேயே தளர்ந்துவிடுவோரும் உள்ளனர். இவ்வேறுபாட்டிற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று உணவு. காய், கனி, கீரைகளில் உள்ள தாவர வேதிப்பொருள்கள் உடலுக்கு எவ்வாறு துணைபுரிகின்றன? அவற்றைப் பிரித்தெடுத்து மாத்திரையாக உட்கொண்டால் அதே பயன் கிட்டுமா? இவ்வினாக்களுக்கு அறிவியல் கண்டறிந்த விடைகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நறுக்கிய வாழைக்காய் சொல்லும் செய்தி

வாழைக்காயை நறுக்கியவுடன் தண்ணீரில் போட்டுவைப்பது நம் வீடுகளில் நாள்தோறும் காணும் காட்சி. அவ்வாறு செய்யாவிட்டால் சிறிது நேரத்தில் துண்டுகள் கறுத்துவிடும். காற்றிலுள்ள ஆக்சிஜன், காயிலுள்ள ஒருவகை நொதியின் துணையுடன் அதன் வேதிப்பொருள்களை மாற்றுவதே இதற்குக் காரணம். தண்ணீர் காற்றைத் தடுக்கிறது. ஆகவே நிறமாற்றம் குறைகிறது. இரும்பு துருப்பிடிப்பதும், நாள்பட்ட எண்ணெயில் சிக்கு வாடை வீசுவதும் இத்தகைய ஆக்சிஜனேற்றத்தின் விளைவுகளே.

நல்லெண்ணெய் பிற எண்ணெய்கள் பலவற்றைப்போல் விரைவில் சிக்கு வாடை அடைவதில்லை. எள்ளில் இயற்கையாக அமைந்துள்ள செசமால் முதலிய பொருள்கள் ஆக்சிஜனேற்றத்தைத் தாமதப்படுத்துகின்றன. இவ்வாறு செயல்படும் பொருள்களை ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் என்பர்.

உடலுக்குள் எழும் தீப்பொறிகள்

நாம் உண்ணும் உணவிலிருந்து ஆற்றலைப் பெற ஆக்சிஜன் இன்றியமையாதது. செல்களில் உள்ள மைட்டோகாண்ட்ரியாக்கள் இப்பணியைச் செய்கின்றன. விறகு எரியும்போது சில பொறிகள் அடுப்பிற்கு வெளியே தெறிப்பதுபோல, இவ்வேதிவினையின்போது ஒரு சிறு பகுதி எலக்ட்ரான்கள் வழிதவறி ஆக்சிஜனுடன் சேர்கின்றன. அதனால் இணையில்லாத எலக்ட்ரானைக் கொண்ட மூலக்கூறுகள் உண்டாகின்றன. இவற்றைத் தனி உறுப்புகள் என வேதியியல் குறிப்பிடுகிறது.

இணையற்ற எலக்ட்ரானைக் கொண்ட மூலக்கூறு நிலைத்து நிற்காது. அருகிலுள்ள மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும். எலக்ட்ரானை இழந்த மூலக்கூறு வேறொன்றைத் தாக்கும். இத்தொடர்வினையால் செல்சவ்வின் கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. ஆகியவை சிதைவுறலாம். புகையிலைப் புகை, கதிர்வீச்சு, காற்று மாசு ஆகியவை இதனை மேலும் மிகுவிக்கின்றன.

அமெரிக்க அறிவியலாளர் டென்ஹாம் ஹார்மன், எண்ணெய் நிறுவனம் ஒன்றில் வேதியியலாளராகப் பணியாற்றியபின் மருத்துவம் பயின்றவர். தனி உறுப்புகளால் சிறிது சிறிதாகச் சேரும் சிதைவே முதுமைக்குக் காரணம் என்னும் கோட்பாட்டை அவர் 1956ஆம் ஆண்டில் வெளியிட்டார். தொடக்கத்தில் அக்கோட்பாடு பெரிதும் கண்டுகொள்ளப்படவில்லை. 1969ஆம் ஆண்டில் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும், சூப்பராக்சைடு என்னும் தனி உறுப்பை அகற்றும் நொதி ஒன்று உயிரினங்களில் இருப்பதைக் கண்டறிந்தனர். அதனைத் தடுக்க உடலே ஒரு காவலை வைத்திருக்கிறது எனின், ஆபத்து மெய்யானதே என்பது புலனாயிற்று. ஹார்மனின் கருத்து அறிஞர்களின் கவனத்தைப் பெற்றது.

உடல் உண்டாக்கும் இத்தகைய நொதிகளே முதல் நிலைக் காவலர்கள். உணவின்வழி வரும் வைட்டமின் சி நீர்ப்பகுதியிலும், வைட்டமின் இ கொழுப்பாலான செல்சவ்விலும் நின்று அவற்றுக்குத் துணைபுரிகின்றன. தன் எலக்ட்ரானைத் தந்து செயலிழந்த வைட்டமின் இ மூலக்கூறை வைட்டமின் சி மீண்டும் செயல்பட வைக்கிறது. காவல் என்பது ஒரு பொருளின் தனிச்செயலன்று. பல பொருள்களின் கூட்டுச்செயல் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

தெரியுமா?

ஹங்கேரி நாட்டு அறிவியலாளர் ஆல்பர்ட் சென்ட்-கியோர்கி, தம் நாட்டில் மிகுதியாக விளைந்த பாப்ரிக்கா என்னும் மிளகாய் வகையிலிருந்து வைட்டமின் சி-யைப் பெருமளவில் பிரித்தெடுத்தார். 1937ஆம் ஆண்டிற்கான மருத்துவ நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

தாவரங்கள் வண்ணம் பூண்ட காரணம்

வெயில் மிகுந்தால் நாம் நிழலுக்குச் செல்கிறோம். தாவரங்களால் இடம்பெயர இயலாது. ஒளிச்சேர்க்கைக்குத் தேவையானதைவிட மிகுதியான ஒளி இலைமேல் விழும்போது அங்கே ஆக்சிஜனேற்றம் பெருகுகிறது. அதனைத் தாங்கவும், பூச்சிகளையும் பூஞ்சைகளையும் எதிர்க்கவும் தாவரங்கள் பல்லாயிரம் வேதிப்பொருள்களை உருவாக்கிக்கொண்டுள்ளன. அவற்றுட் பல வண்ணமுடையவை.

கேரட்டிற்கும் மஞ்சள் பூசணிக்கும் நிறம் தருபவை கரோட்டினாய்டுகள். தக்காளி, தர்பூசணி, சிவப்புக் கொய்யா ஆகியவற்றின் செந்நிறம் லைக்கோப்பீனால் அமைவது. நாவற்பழத்தின் கருநீலமும் கத்தரிக்காய்த் தோலின் ஊதாவும் ஆந்தோசயனின்களால் ஆனவை. மஞ்சளில் குர்குமினும், வெங்காயத்தில் குவெர்செட்டினும், தேயிலையில் கேட்டச்சின்களும் உள்ளன. முருங்கைக்கீரை போன்ற பச்சை இலைகளிலும் கரோட்டின் நிறைந்துள்ளது; பச்சையம் அதன் நிறத்தை மறைத்துவிடுவதால் அது நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

தமக்காகத் தாவரங்கள் உருவாக்கிய இப்பொருள்கள், அவற்றை உண்ணும் மனிதருக்கும் பயன்படுகின்றன. காய்கனிகளை மிகுதியாக உண்போரிடையே இதயநோய், பக்கவாதம் ஆகியவை குறைவாகக் காணப்படுவதைப் பல நாடுகளில் நடந்த நெடுங்கால ஆய்வுகள் எடுத்துக்காட்டியுள்ளன.

ஒரு மாத்திரையின் கதை

காய்கனிகள் நன்மை தருகின்றன. அவற்றில் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் உள்ளன. எனவே, அவற்றை மட்டும் பிரித்தெடுத்து மாத்திரையாக வழங்கினால் நோயைத் தடுக்கலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பே. இரத்தத்தில் பீட்டா கரோட்டின் மிகுந்தோர்க்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாகக் காணப்பட்டமை அவ்வெண்ணத்திற்கு வலுவூட்டியது.

இதனைச் சோதிக்க ஃபின்லாந்தில் 1985ஆம் ஆண்டில் ஒரு பேராய்வு தொடங்கப்பட்டது. புகைபிடிக்கும் பழக்கமுடைய, 50 முதல் 69 வயதுவரையிலான 29,133 ஆண்கள் அதில் பங்கேற்றனர். அவர்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டு, சிலர்க்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டினும், சிலர்க்கு வைட்டமின் இ-யும், சிலர்க்கு இரண்டும், எஞ்சியோர்க்கு மருந்தற்ற மாத்திரையும் வழங்கப்பட்டன.

1994ஆம் ஆண்டில் வெளியான முடிவு அறிவியல் உலகை அதிர்ச்சியுறச் செய்தது. பீட்டா கரோட்டின் உட்கொண்டோரிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. மாறாக 18 விழுக்காடு மிகுந்திருந்தது. அதே காலத்தில் அமெரிக்காவில், புகைபிடிப்போர், அப்பழக்கத்தைக் கைவிட்டோர், கல்நார்த் தொழிலாளர் என 18,314 பேரிடம் இதைப் போன்ற ஆய்வொன்று நடந்துகொண்டிருந்தது. பீட்டா கரோட்டினுடன் வைட்டமின் ஏ-யும் பெற்றோரிடம் நுரையீரல் புற்றுநோய் 28 விழுக்காடு மிகுந்து காணப்பட்டதால், 1996ஆம் ஆண்டு சனவரியில் அவ்வாய்வு உரிய காலத்திற்கு 21 மாதங்கள் முன்னதாகவே நிறுத்தப்பட்டது. அமெரிக்க மருத்துவர்கள் 22,071 பேரிடம் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் நடந்த வேறோர் ஆய்விலோ பீட்டா கரோட்டினால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை என்பது தெரியவந்தது.

இங்கே ஒரு செய்தி நம் சிந்தனைக்குரியது. ஃபின்லாந்து ஆய்வின் தொடக்கத்தில், உணவின்வழியே பீட்டா கரோட்டினை மிகுதியாகப் பெற்றிருந்தோர்க்குப் பின்னாளில் நுரையீரல் புற்றுநோய் குறைவாகவே ஏற்பட்டது. பொருள் ஒன்றே, உணவில் இருந்தபோது அது நலத்தோடு சேர்ந்து காணப்பட்டது, மாத்திரையாக மாறியபோது தீங்கோடு சேர்ந்து காணப்பட்டது.

சோதனை உணர்த்திய உண்மைகள்

இம்முரணிலிருந்து அறிவியல் மூன்று பாடங்களைக் கற்றது.

முதலாவது, இரண்டு நிகழ்வுகள் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. காய்கனிகளை மிகுதியாக உண்போர் நார்ச்சத்தையும், பிற வைட்டமின்களையும், எண்ணற்ற தாவர வேதிப்பொருள்களையும் சேர்த்தே பெறுகின்றனர். அவர்களுடைய வாழ்க்கைமுறையும் பிறவகைகளில் நலமுடையதாக இருக்கக்கூடும். இரத்தத்திலுள்ள பீட்டா கரோட்டின், நல்லுணவின் அடையாளமாக மட்டும் இருந்திருக்கலாம்.

இரண்டாவது, அளவு மாறினால் செயலும் மாறலாம். புகையால் பாதிக்கப்பட்ட நுரையீரலில் பீட்டா கரோட்டின் மிகுதியாகச் சேரும்போது, அதுவே ஆக்சிஜனேற்றம் அடைந்து தீங்கு விளைக்கும் பொருளாகச் சிதைகிறது என்பது அறிஞர்கள் கூறும் விளக்கங்களுள் ஒன்று.

மூன்றாவது, தனி உறுப்புகள் முற்றிலும் பகையல்ல. நோய்க்கிருமிகளை அழிக்க வெள்ளையணுக்கள் அவற்றையே படைக்கலமாகக் கொள்கின்றன. உடற்பயிற்சியின்போது உண்டாகும் தனி உறுப்புகள், காவலை வலுப்படுத்துமாறு உடலுக்கு அறிவிக்கும் குறிப்புகளாகவும் விளங்குகின்றன. 2009ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஜெர்மனி நாட்டு ஆய்வொன்றில், நான்கு வாரம் உடற்பயிற்சி செய்த இளைஞர்களிடம் இன்சுலினின் செயல்திறன் மேம்பட்டது. பயிற்சியோடு வைட்டமின் சி, இ மாத்திரைகளை மிகுந்த அளவில் உட்கொண்டோரிடம் அம்மேம்பாடு காணப்படவில்லை.

தாவர வேதிப்பொருள்களுட் சிலவும் இத்தகைய குறிப்புகளாகவே செயல்படுகின்றன எனக் கருதப்படுகிறது. முட்டைக்கோசு இனத்தைச் சேர்ந்த புரோக்கோலியை நறுக்கும்போதோ மெல்லும்போதோ சல்ஃபோரஃபேன் என்னும் பொருள் உண்டாகிறது. அது தனி உறுப்புகளைத் தானே எதிர்ப்பதைவிட, உடலின் சொந்த நொதிகளை மிகுதியாகச் சுரக்கத் தூண்டுகிறது.

சமையலறையும் அறிவியலும்

உணவில் உள்ள பொருள் உடலைச் சென்றடைய வேண்டும். கரோட்டினாய்டுகள் கொழுப்பில் கரைபவை. ஆதலால் கேரட்டையும் கீரையையும் சிறிது எண்ணெயுடன் சமைத்தால் உடல் அவற்றை நன்கு ஏற்கிறது. தக்காளியை வேகவைக்கும்போது அதன் செல்சுவர்கள் நெகிழ்ந்து லைக்கோப்பீன் எளிதில் வெளிப்படுகிறது. வைட்டமின் சி-யோ வெப்பத்தால் சிதைவதும் நீரில் கரைந்து வெளியேறுவதுமான இயல்புடையது. எனவே நெல்லிக்காயையும் கொய்யாவையும் பச்சையாக உண்பது சிறந்தது.

மஞ்சளிலுள்ள குர்குமினைக் குடல் எளிதில் ஏற்பதில்லை. 1998ஆம் ஆண்டில் பெங்களூருவில் நடந்த ஆய்வொன்று, மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்து வழங்கினால் குர்குமின் இரத்தத்தில் சேரும் அளவு பன்மடங்கு உயர்வதைக் கண்டது. மஞ்சளையும் மிளகையும் இரசத்தில் சேர்த்து உண்பது நம் மரபு. ஆனால், இவ்வாய்வைக் காட்டிச் செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளை விற்பது வேறு. அத்தகைய மாத்திரைகளை உட்கொண்ட சிலர்க்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டமை அண்மைக் காலத்தில் பல நாடுகளில் பதிவாகியுள்ளது. சமையலில் ஒரு சிட்டிகையாக இருப்பதும் மாத்திரையில் செறிந்திருப்பதும் ஒன்றல்ல.

விளம்பரமும் விழிப்புணர்வும்

‘இளமையைக் காக்கும்’, ‘முதுமையை வெல்லும்’ என்னும் விளம்பரங்களை நாம் அடிக்கடி காண்கிறோம். சோதனைக்குழாயில் அளந்த ஆக்சிஜனேற்றத் தடுப்பாற்றலை ஓர் எண்ணாகக் குறிப்பிட்டு, அவ்வெண் மிகுந்த பொருளே சிறந்தது என விற்பனை செய்வதும் உண்டு. உணவுப்பொருள்களுக்கு அத்தகைய எண்களைத் தொகுத்து வெளியிட்டிருந்த அமெரிக்க வேளாண்மைத் துறை, அவை மனித உடலில் நிகழும் விளைவைக் காட்டுவதில்லை என்று கூறி 2012ஆம் ஆண்டில் அப்பட்டியலைத் திரும்பப் பெற்றது.

மாத்திரைகள் எல்லாம் பயனற்றவை என்றும் கருதிவிடலாகாது. முதுமையில் விழித்திரையின் மையப்பகுதி சிதையும் நோயில், குறிப்பிட்ட நிலையை அடைந்தோர்க்குச் சில வைட்டமின்களும் துத்தநாகமும் அடங்கிய மாத்திரை நோய் முற்றுவதைத் தாமதப்படுத்துவதாக ஆய்வுகள் மெய்ப்பித்துள்ளன. அம்மாத்திரையில் முதலில் பீட்டா கரோட்டின் இருந்தது. புகைபிடித்தோர்க்கு அது தரும் ஆபத்தை எண்ணி, 2013ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுக்குப்பின் லூட்டீன், சியாசாந்தின் ஆகிய வேறு கரோட்டினாய்டுகள் பரிந்துரைக்கப்பட்டன. யாருக்கு, எந்நோய்க்கு, எவ்வளவு என்பதை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும்.

நலமான முதுமையை நோக்கி

ஐக்கிய நாடுகள் அவை 2021 முதல் 2030 வரையிலான காலத்தை நலமான முதுமைக்குரிய பத்தாண்டாக அறிவித்துள்ளது. நலமான முதுமை என்பது ஆண்டுகளை மட்டும் எண்ணுவதன்று. தாம் விரும்பும் செயல்களைத் தாமே செய்யும் ஆற்றலுடன் வாழ்வதாகும். நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனிகளை உண்ண வேண்டும் என உலக நலவாழ்வு அமைப்பு பரிந்துரைக்கிறது. விலையுயர்ந்த அயல்நாட்டுப் பழங்கள்தாம் வேண்டும் என்பதில்லை. முருங்கைக்கீரை, பூசணி, நெல்லி, கொய்யா, நாவல், தக்காளி எனப் பருவந்தோறும் அருகில் கிடைப்பவற்றை மாற்றி மாற்றி உண்டாலே பலவண்ணப் பொருள்களும் உடலைச் சேரும். அத்துடன் புகையிலையைத் தவிர்த்தலும், நாள்தோறும் உடலுழைப்பும், போதிய உறக்கமும் சேர வேண்டும்.

முதுமை என்பது அறுபதாம் வயதில் திடீரென வந்து சேர்வதன்று. இன்று நம் தட்டில் இடம்பெறும் உணவும் நாளைய முதுமையை உருவாக்குகிறது. வீட்டிலுள்ள பெரியோர் விளம்பரத்தை நம்பி மாத்திரை வாங்க முற்படும்போது, ஃபின்லாந்து ஆய்வை எடுத்துக்கூறி அவர்களைச் சிந்திக்கச் செய்வதும் கற்றோர் கடமையாகும்.

கற்பவை கற்றபின்

1. ஒரு வாரம் உங்கள் வீட்டில் உண்ட காய், கனி, கீரைகளை அவற்றின் வண்ணத்தோடு பட்டியலிட்டு, விடுபட்ட வண்ணங்களைக் கண்டறிக.

2. உணவுப்பொருள் விளம்பரம் ஒன்றைத் தேர்ந்து, அதில் கூறப்படும் கருத்துக்குச் சான்று உள்ளதா என வகுப்பில் கலந்துரையாடுக.

3. ‘சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது’ – இக்கூற்றை உங்கள் அன்றாட வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.