தோல் புற்று: வெயில் மட்டுமா காரணம்?

கோடை வந்துவிட்டால் மாட்டுங்காவின் மருந்துக் கடைகளில் வெயில் காப்புக் களிம்புகள் அடுக்கடுக்காக வீற்றிருக்கின்றன. தோல் புற்று வந்துவிடும் என்ற அச்சத்தில், வீட்டிலிருந்து வரும் பணத்தில் ஒரு பகுதியை அதற்கே ஒதுக்கும் நண்பர்களை விடுதியில் காண்கிறேன். இந்த அச்சம் எவ்வளவு தூரம் நமக்குரியது என்று ஆராய்ந்து பார்ப்போமா?

ஞாயிற்றின் ஒளியில் கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிர்கள் உண்டு. அவற்றுள் 280 முதல் 315 நானோமீட்டர் அலைநீளமுள்ள 'பி' வகைக் கதிர், தோலின் உயிரணுவுக்குள் புகுந்து, டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்துள்ள தைமின்கள் இரண்டை ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிறது. உயிரணு அதைப் பழுது பார்த்துக்கொள்ளும். பார்க்கத் தவறிய பிழைகள் ஆண்டுக்கணக்கில் சேரும்போதுதான் புற்று பிறக்கிறது. வெள்ளையர் குடியேறிய ஆஸ்திரேலியாவில் இது பெருந்தொல்லை. சட்டை, களிம்பு, தொப்பி மூன்றையும் வலியுறுத்தி 1981இல் அங்கே ஓர் இயக்கமே தொடங்கினார்கள்.

நமக்கோ மெலனின் என்னும் கருநிறமி, உயிரணுவின் கருவுக்குமேல் குடைபோல் கவிந்து நிற்கிறது. 1979இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்றில், வெள்ளையரின் மேல்தோல் 'பி' கதிரில் 24 விழுக்காட்டை உள்ளே விட்டது. கறுப்பரின் மேல்தோல் 7.4 விழுக்காட்டையே விட்டது. நம்மவர் நிறம் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. முகத்தை வெளுப்பாக்கும் பசைகளைத் தேடி அலையும் அன்பர்கள் இந்தக் கணக்கைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்!

அப்படியானால் நமக்குத் தோல் புற்றே வராதா? வரும். வெயிலே படாத இடத்திலும் வரும். இதைக் கண்டு சொன்னவர் நம் பம்பாய்க்காரர். பரேலில் 1941இல் தொடங்கிய டாட்டா நினைவு மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் கானோல்கர், 1945இல் 'வேட்டிப் புற்று' என்ற ஒன்றை உலகுக்கு அறிவித்தார். இடுப்பில் ஒரே இடத்தில் வேட்டியை நாள்தோறும் இறுக்கிக் கட்டுவதால் தோல் உராய்ந்து, கறுத்து, தடித்து, சிலருக்கு ஆறாப் புண்ணாகி முடிவில் புற்றாகிறது. பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டும் பெண்களிடமும் மருத்துவர்கள் பின்னர் இதைக் கண்டார்கள். காஷ்மீரத்தார் குளிருக்காக உடைக்குள் வைத்துக்கொள்ளும் காங்ரி என்னும் நெருப்புச் சட்டியும் வயிற்றிலும் தொடையிலும் புற்றை உண்டாக்குவதை எல்ம்ஸ்லி என்பவர் 1866இலேயே எழுதினார்.

இதைப் படித்த அன்று தாராவியிலுள்ள என் அத்தையிடம் கேட்டேன். "சேலை கட்டுறவளுக்கெல்லாம் உள்ளதுதாம்ல அது" என்று சிரித்தார்கள். உண்மைதான்; கறுத்த தழும்பெல்லாம் புற்றாவதில்லை. ஆனால் எல்லோருக்கும் இருக்கிறது என்பதாலேயே அதில் தோன்றும் புண்ணை யாரும் மருத்துவரிடம் காட்டுவதில்லையே! நாடாவுக்குப் பதில் அகலமான பட்டை தைப்பதும், கட்டும் இடத்தை மாற்றுவதும், சற்றுத் தளர்த்துவதும் காசில்லாத மருத்துவம். பழைய தீக்காயத் தழும்பில் புண் தோன்றினாலும் அலட்சியம் கூடாது.

இதனால் குடை வேண்டாம் என்று நான் சொன்னதாகக் கொள்ளற்க. பிறவியிலேயே மெலனின் இல்லாதவர்களுக்கு வெயில் உண்மையான பகை. களிம்பும் முழுக்கைச் சட்டையும் தொப்பியும் அவர்களுக்கு ஆடம்பரமல்ல. நாள் முழுதும் வெயிலில் உழைப்பவருக்கும் தலைத்துணி தேவை.

இன்னுமோர் இடம், உள்ளங்கால். கருநிறத்தாருக்கு மெலனோமா என்னும் கொடிய புற்று பெரும்பாலும் பாதத்திலோ நகத்தடியிலோதான் தோன்றும். பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால்விரலில் கண்டது அதுவே; 1981இல், 36ஆம் வயதில், மறைந்தார். குளிக்கும்போது பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். புதிதாக ஒரு கரும்புள்ளி தோன்றிப் பரவினால், சயான் மருத்துவமனை தாராவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.